வலசைப் பறவையும் திணைமயக்கமும்: முகத்துவாரத்திலிருந்து ஒரு நோக்கு

தொல்காப்பியர் அகத்திணையியலிலே கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றை எண்ணுகின்றார். அதனை அடுத்து வரும் நூற்பாவில் ஒரு நெகிழ்ச்சி அளிக்கப்படுகின்றது. எந்நிலத்துக்குரிய பூவாயினும் புள்ளாயினும், தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வராதவிடத்து, அது வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்தாகும்.

வகுப்பறையில் இந்நூற்பா பெறும் கவனம் மிகச் சிறிது. 'கருப்பொருள் மயக்கம்' என்னும் தலைப்பின்கீழ் இரண்டு வரி விடையாக அது முடிந்துவிடுகின்றது. ஐந்து நிலங்களையும் மேல்வரிசையிலும் கருப்பொருள்களை இடப்புறத்திலும் எழுதிக் கட்டங்களை நிரப்பும் அட்டவணையே மாணவர் மனத்தில் திணைக் கோட்பாடாக நிலைபெற்றுள்ளது. நெய்தலின் கட்டத்திலே கடற்காகம் இருக்கும். மருதத்தின் கட்டத்திலே நாரையும் தாராவும் கம்புளும் இருக்கும். கட்டத்தை விட்டு வெளியேறிய பறவை விதிவிலக்கு எனப்படும். ஆயின் இவ்விலக்குப் பூவுக்கும் புள்ளுக்கும் மாத்திரம் ஏன் அளிக்கப்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. பாணர் யாழைச் சுமந்து ஐந்து நிலமும் நடந்தனர். விலங்கும் ஒரு நிலத்தில் கட்டுண்டு கிடப்பதன்று. அவ்வாறிருக்க, பூவோடு சேர்த்துப் புள்ளை மட்டும் இலக்கண ஆசிரியர் பிரித்தெடுத்தமைக்குக் காரணம் இருத்தல் வேண்டும். கழிமுகத்திலும் அதனைச் சூழ்ந்த வயலிலும் கழியும் ஒரு குளிர்காலக் காலைப்பொழுது, இவ்வினாவுக்கு உரைகளைவிடத் தெளிவான விடை தருகின்றது.

கொழும்பின் வடபகுதியில், கொட்டாஞ்சேனைக்கு அப்பால், ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த ஊருக்கு முகத்துவாரம் என்றே பெயர். சிங்களத்தில் மோதர என வழங்குஞ் சொல்லும் அப்பொருளதே. சிவனொளிபாதமலைப் பக்கத்தே தோன்றி 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, மட்டக்குளியின் காக்கைத்தீவுக்கருகே கடலை அடைகின்றது. (யாழ்ப்பாணத்தாருக்கு ஆனைக்கோட்டைப் பக்கத்திலும் ஒரு காக்கைத்தீவு உண்டு. அதுவும் கடனீரேரிக் கரையே. இரண்டு இடங்களுக்கும் ஒரே பெயர் வாய்த்தமை ஆராயத்தக்கது.) ஆற்றின் வடகரையிலிருந்து 1802 தொடக்கம் 1804 வரை ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாய் நீர்கொழும்பை நோக்கிச் செல்கின்றது. அதன் கிழக்கே முத்துராஜவெல என்னும் பெருஞ்சதுப்புநிலம் கிடக்கின்றது. நீர்கொழும்புக் கடனீரேரியையும் சேர்த்து நோக்கின் இதன் பரப்பு 6,000 ஹெக்டயருக்கு மேற்பட்டது. 'வெல' என்பது சிங்களத்தில் வயல். ஒரு காலத்தே நெல் விளைந்த நிலம் அது எனவும், அந்நியர் ஆட்சியில் வெட்டப்பட்ட கால்வாய்களின் வழியே உப்புநீர் புகுந்து விளைச்சல் கெட்டது எனவும் கூறுவர். மருதமாயிருந்து நெய்தலாய்த் திரிந்த நிலம் என இதனைச் சொல்லலாம்.

கொழும்பிலே குளிர்காலம் என ஒன்று உண்டா என்று கேட்பார் உளர். கம்பளியை நாடும் குளிர் இங்கு இல்லை என்பது உண்மையே. பறவை நோக்குவோர் குளிர்காலம் எனக் குறிப்பது வடபுலத்தின் குளிரையாகும். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவின் ஏரிகளிலும் உறைபனி தொடங்கும்போது அங்குள்ள நீர்ப்பறவைகள் தெற்கு நோக்கி வலசை வருகின்றன. ஆவணியில் முதல் உள்ளான்கள் தென்படும். ஐப்பசி, கார்த்திகையில் வரவு நிறையும். பங்குனி, சித்திரையில் மீளும். இத்தீவுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையும் நிலமில்லை. ஆகவே மத்திய ஆசிய வான்வழியிலே வருவனவற்றுட் பலவற்றுக்கு இலங்கையே கடைசித் தரிப்பிடம்.

களனி முகத்துவாரத்திலே ஆயிரக்கணக்கான பறவைகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் காணப்படும் பெருங்கூட்டங்கள் இங்கு இல்லை. காரணம் எளிது. கொழும்புக் கரையிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு, கரையும் சரிவானது. எனவே நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுப்பரப்பு மிக ஒடுங்கியது. சேற்றைக் கிளறி உண்ணும் பறவைக்கு அங்கே நாள் முழுவதற்குமான உணவு இல்லை. ஆதலால் அது சதுப்புக்கும் வயலுக்கும் போக வேண்டியதாகின்றது. நோக்குவோன் ஒரே இடத்தில் நின்றால் பாதியைத்தான் காண்பான். காலையில் ஆற்றுவாயிலும், வெயில் ஏறும்போது வயலோரத்திலும் அவன் நிற்றல் வேண்டும்.

இவ்விரண்டு இடங்களிலும் அவன் காண்பனவற்றுள் ஆலா தனித்துக் குறிப்பிடத்தக்கது. பறவை நூல்கள் மீசை ஆலா எனக் கூறும் சிறிய வெண்ணிறப் பறவை குளிர்காலத்திலே கொழும்பைச் சூழ்ந்த நீர்நிலைகள் எங்கும் காணப்படுவது. ஆற்றுவாயில் நட்ட கம்பங்களின் மீது அது வரிசையாக அமர்ந்திருக்கும். நீரின்மேல் தாழ்ந்து பறந்து சிறு மீனைக் கௌவும். அவ்வளவில் அது நெய்தற் பறவையே. அதே பறவை தலங்கமைக் குளத்தையொட்டிய வயல்களிலே, நீர் நிறைந்த பாத்திகளின்மேல், தும்பியையும் வேறு பூச்சிகளையும் பிடித்து உண்டுகொண்டு ஏர் சென்ற வழியே மேலும் கீழுமாகப் பறக்கும். வயலில் அதனை முதன்முதற் காண்பவன் கடற்பறவை வழிதவறி வந்ததென எண்ணுதல் இயல்பு. ஒரு வாரம் தொடர்ந்து சென்று பார்த்தால் அவ்வெண்ணம் நீங்கும். அதன் தொழிலே அங்கு வேறு, உணவும் வேறு. வயலிலே அது செய்வது உழவுக்குரிய நிலத்தின் செயலாகவே அமைந்துவிடுகின்றது.

தொல்காப்பியரின் நூற்பாவை இவ்விடத்தே மீண்டும் நோக்குதல் வேண்டும். பறவை நிலம் மாறலாம் எனக் கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. நிலம் மாறிய பறவை, சென்ற நிலத்தின் பொருளைப் பெறும் என்கின்றார். 'பொழுதொடு' என அவர் காலத்தையும் சேர்த்துக் கூறியமை மனங்கொள்ளத்தக்கது. யாழைப் பாணன் சுமந்து செல்கின்றான். பூவை மாந்தர் பறித்துச் சூடிச் செல்கின்றனர். புள் தானே, பருவந்தோறும், எதிர்பார்க்கத்தக்க ஒழுங்கோடு செல்கின்றது. இந்த ஒழுங்கைக் கண்ட ஒருவரே இத்தகைய விதியை வகுத்திருக்க முடியும். கா. சிவத்தம்பி 1974 இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரை, திணைகளைச் சமமற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கி இத்துறைக்குப் புதிய அடித்தளமிட்டது. அதன் சிறப்பை எவரும் மறுக்கார். ஆயின் அந்நெறியைப் பின்பற்றிய மாணவர் கட்டுரைகள் பலவற்றில், கருப்பொருள் என்பது உற்பத்தி முறையைக் குறிக்கும் அடையாளச் சீட்டாகச் சுருங்கிவிட்டது. உப்பு வணிகமும் மீன்பிடியும் விரிவாகப் பேசப்படும். அதே செய்யுளில் உள்ள பறவை பேசப்படாது. அது உள்ளுறைக்கு உரியதென ஒதுக்கப்படும்.

பறவையைப் பேசியோரும் உளர். பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூல் இத்துறையில் முன்னோடியானது. சங்கச் செய்யுள்களில் வரும் பறவைகளின் நிறம், அலகு, கால், குரல், இரை, கூடு ஆகியவற்றைத் தொகுத்து, அவை இன்னின்ன இனம் என விலங்கியல் அறிவோடு ஒப்பிட்டுக் காட்டும் முயற்சி அது. புலவர்கள் கற்பனையாற் பறவையைப் புனையவில்லை, கண்டு எழுதினர் என்பதை நிறுவியமை இம்முறையின் பேறு. இதன் குறை வேறோரிடத்தில் உள்ளது. இம்முறையைக் கையாள்வோர்க்குச் செய்யுள் ஒரு சாட்சியமாகிவிடுகின்றது. பெயர் கண்டுபிடிக்கப்பட்டதும் வழக்கு முடிகின்றது. கழிமுகத்தில் நிற்பவனுக்கோ பெயர் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கண்டுபிடித்த பின்னும் ஐயம் நீங்குவதில்லை.

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய சிறுவெண்காக்கைப் பத்து இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பத்துச் செய்யுள்களும் பெருங்கடலின் கரையிலுள்ள சிறிய வெண்காக்கையோடு தொடங்குகின்றன. வெண்மையான காக்கை கடற்காகமே எனப் பொதுவாகக் கொள்வர். நீர்கொழும்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய கரைகளில் குளிர்காலத்திலே மிகுதியாகக் காணப்படும் கடற்காகத்துக்கு இன்றைய தமிழ்ப் பறவை நூல்கள் பழுப்புத்தலைக் கடற்காகம் எனப் பெயரிட்டுள்ளன. இது ஆங்கிலப் பெயரின் நேர்மொழிபெயர்ப்பு. இப்பெயரை மனத்திற் கொண்டு தை மாதத்திலே கடற்கரைக்குச் செல்லும் மாணவன் பழுப்புத் தலையைத் தேடிக் களைப்பான். ஏனெனில் அப்போது அதன் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சியிருக்கும். பழுப்பு நிறம் இனப்பெருக்க காலத்துக்குரியது. அது இனம் பெருக்குவதோ மத்திய ஆசியாவின் உயர்ந்த மேட்டுநில ஏரிகளில். மீசை ஆலாவும் அத்தகையதே. கோடையில் வயிறு கருத்து, கன்னம் வெளுத்து, மீசை போலத் தோன்றுவதால் வந்த பெயர் அது. இங்கு வரும் மாதங்களில் அதற்கு மீசை இல்லை. வெண்காக்கை என்னும் பழந்தமிழ்ப் பெயர், பறவையைத் தமிழ்க்கரையில் அது வாழும் கோலத்திலே கண்டு இட்ட பெயராகும். புதிய பெயர் வேறொரு கரையிலே வேறொரு பருவத்திலே கண்டவர் இட்டது.

பெயர்களைப் பற்றிய இவ்வாராய்ச்சியைச் சிறிது நீட்டுதல் தகும். வயலில் வரும் உள்ளான் வகைகளுள் ஊசிவால் உள்ளான் என்பது ஒன்று. சைபீரியாவிலிருந்து வந்து நெல்வயலிலே தங்குவது. அதன் வாலோரத்து இறகுகள் ஊசிபோல் ஒடுங்கியவை. ஆயின் அவ்விறகுகளை வயல்வரம்பில் நிற்பவன் பொதுவாகக் காண இயலாது. பறவை கையில் இருந்தாலன்றி அவை புலப்படா. துப்பாக்கியோடு வயலில் இறங்கியவர்களின் பெயர் அது. இலங்கைப் பறவைகளைப் பற்றி 1878 தொடக்கம் 1880 வரை பெருநூல் வெளியிட்ட லெக், பீரங்கிப் படையதிகாரி. அக்காலத்து முறைப்படி சுட்டு வீழ்த்திப் பதப்படுத்திய தோலை அளந்தே அவர் பறவையை விவரிக்கின்றார். இறக்கையின் நீளம், காலின் நீளம் என அவரது உரைநடை அளவுகோலின் உரைநடை. கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட கைந்நூல் இதற்கு மாறானது. அவர் ஓவியர், தாமே வரைந்தவர். மைனாவின் அளவு, சிட்டுக்குருவியின் அளவு எனத் தெரிந்த பறவையைக் கொண்டு தெரியாத பறவையை அறிமுகப்படுத்துவார். லெக்கும் ஹென்றியும் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பதிவுசெய்தனர் என்பது தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தி. தமிழிலக்கியம் மறந்த பெயர்கள் ஆங்கில நூல்களில் தங்கிக் கிடக்கின்றன.

மக்கள் வழக்கு மறந்துவிடவில்லை. குளிர்காலத்திலே இந்தியாவிலிருந்து வந்து கொழும்பின் வீட்டுத் தோட்டங்களிலும் இறங்கும் பல நிறக் குருவியொன்று, விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி எனப்பட்டது. மணிக்கூடு வந்த பின்னரும் தமிழ் பறவைக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இப்பெயரே சான்று. மனிதர் அருகிற் செல்லும்வரை அசையாது நிற்பதால் குருட்டுக்கொக்கு எனப் பெயர் பெற்ற பறவை இன்றும் வெள்ளவத்தைக் கால்வாயோரத்தில் நிற்பதைக் காணலாம். எழுத்துத் தமிழ் இப்பெயர்களைக் கையேற்கவில்லை. சிறுகதையிலும் புதுக்கவிதையிலும் வருவது 'ஒரு பறவை'. பெரும்பாலும் அது பெயரற்றது.

மீண்டும் வெண்காக்கைக்கு வருதல் வேண்டும். அது குளிர்காலக் கடற்காகம் என மேலே கூறியது நிறத்தளவிற் பொருந்துகின்றது. ஆயின் அம்மூவனார் அதனை ஒரு செய்யுளிலே புன்னைக் கிளையில் தங்கச் செய்கின்றார். பிறிதொரு செய்யுளிலே துறையிற் கிடக்கும் தோணியின் உட்பலகையில் அது ஈனுவதாகக் கூறுகின்றார். கடற்காகம் மரத்திலே துயில்வது வழக்கமன்று. மத்திய ஆசியாவில் இனம் பெருக்கும் பறவை தமிழ்நாட்டுத் தோணியில் முட்டையிடுதலும் இயலாது. இனங்காண்போர் இவ்விடத்தே இரண்டிலொன்று செய்வர்: செய்யுளைக் கற்பனை எனத் தள்ளுவர், அல்லது வேறோர் இனத்தைத் தேடுவர். மூன்றாவது வழியொன்றும் உண்டு. பறவை நோக்குவோர் தம் குறிப்பேட்டிலே கண்டதையும் கருதியதையும் வேறுவேறாக எழுதப் பழகுவர். நங்கூரமிட்ட தோணியில் வெண்பறவை இறங்கி அமர்ந்திருத்தல் கண்டது. அது ஈனுகின்றது என்பது கருதியது. முகத்துவாரத்து வள்ளங்களின் விளிம்பில் ஆலாக்கள் மணிக்கணக்காக அசையாதிருப்பதை இன்றும் காணலாம். கூடுகட்டி அமர்ந்தாற்போலவே அவை தோன்றும். புலவர் கண்டதிலே பிழை இல்லாமலும் கருதியதிலே பிழை நேர்ந்தும் இருக்கலாம். தலைவனின் நடத்தையைத் தூரத்திலிருந்து ஊகிக்கும் தலைவியின் நிலைக்கு இவ்வூகம் எத்துணை இயைபுடையது என்பது தனியே ஆராயத்தக்கது.

இதற்கு முன்னே நிற்கும் வெள்ளாங்குருகுப் பத்து இன்னும் நுட்பமானது. வெள்ளாங்குருகின் குஞ்சினைக் காணச் சென்ற நாரை பத்துச் செய்யுளிலும் வருகின்றது. பின்னணி பரத்தையிற் பிரிவும் வாயில் மறுத்தலும். அதாவது நெய்தல் நிலத்திலே மருத ஒழுக்கம் பேசப்படுகின்றது. திணைகள் மயங்கும் இடத்துக்குப் புலவர் பறவையைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. நாரை சென்றமைக்குக் காரணங்கூறும் சொல் 'செத்தென' என்பது. குஞ்சு இறந்ததெனக் கேட்டுத் துக்கம் விசாரிக்கச் சென்றது என்பது பரவலாகக் கொள்ளப்படும் பொருள். 'செத்து' என்பதற்கு ஒத்து, கருதி என்னும் பொருளும் சங்க வழக்கில் உண்டு. அப்பொருளைக் கொண்டால், தன் குஞ்சை ஒத்ததெனக் கருதி நாரை சென்றது என்றாகும்.

கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலியன ஒரே மரத்திலும் ஒரே புதரிலும் கலந்து கூடுகட்டும் பறவைக் குடியிருப்புகளைக் கண்டவர் இரண்டாம் பொருளை எளிதில் தள்ளிவிடார். வடகீழ்ப் பருவமழைக்குப் பின், இலங்கையின் உலர்வலயத்தில் வலசை வந்தவை இரைதேடித் திரியும் அதே மாதங்களிலே உள்ளூர்ப் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. இறகு முளையாத குஞ்சுகளுட் கொக்கின் குஞ்சு எது, நாரையின் குஞ்சு எது எனத் தேர்ந்தோரும் தடுமாறுவர். ஒன்றை மற்றொன்றாகக் கருதிச் செல்லும் பறவை, எது தனக்குரியதென அறியாது திரியும் தலைவனுக்கு நன்கு பொருந்துகின்றது. துக்க விசாரிப்பு எனக் கொள்ளும் மரபான உரையில் இத்தலைவன் இரக்கத்துக்குரியவனாகிவிடுகின்றான். வாயில் மறுக்கும் தோழியின் சினத்துக்கு அவ்விரக்கம் துணைசெய்வதாகத் தெரியவில்லை. இரண்டாம் பொருளே இப்பத்துக்குச் சிறந்தது எனத் துணியலாம். சொல்லளவில் இரண்டும் இயலும் என்பதையும் மறைத்தல் தகாது.

சத்திமுத்தப் புலவர் பாடிய நாரைவிடு பாட்டை இத்தொடர்பில் விட்டுவிட முடியாது. தமிழர் வலசையை அறிந்திருந்தனர் என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் செய்யுள் அது. தெற்கே குமரியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நாரை இணையைப் பார்த்து, மதுரையில் வாடைக்கு நடுங்கும் வறிய புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்புகின்றார். இதனை அறிவியற் சான்றாகக் காட்டிப் பெருமைப்படுவதோடு மேடைப் பேச்சுகள் நின்றுவிடும். செய்யுளின் உவமையை எவரும் நின்று பார்ப்பதில்லை. காலின் செம்மை கூறப்படுகின்றது. அலகின் நிறத்துக்குப் பவளமும், வடிவுக்குப் பிளந்த பனங்கிழங்கும் கூறப்படுகின்றன. வடிவத்தை ஓர் உவமையாலும் நிறத்தைப் பிறிதோர் உவமையாலும் பிரித்துரைத்தமை கவனிக்கத்தக்கது. சிவந்த காலும் சிவந்த அலகும் ஒருங்கே உடைய பெருநாரையைத் தேடின் பெரிய வெண்ணாரையே அகப்படும். நம் குளங்களில் உறையும் ஏனைய நாரைகளுள் ஒன்றன் அலகு மஞ்சள், பிறிதொன்றன் அலகு கருமை. உவமை இங்கு அணியன்று, அடையாளம். மைனாவின் அளவு என ஹென்றி எழுதியதும் பனங்கிழங்கின் பிளவு எனப் புலவர் பாடியதும் ஒரே செயல். பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலுக்குக் காயவைக்கும் வீட்டிற் பிறந்த யாழ்ப்பாண மாணவனுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. நகரிற் பிறந்தவனுக்கு இன்று வேண்டியிருக்கின்றது.

பிற்காலத் தமிழ் இக்கண்ணை எங்கே இழந்தது? பாரதியாரின் சிட்டுக்குருவியைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அது விடுதலையின் குறியானபின் பறவை என்றாலே சிறகு என்றாகிவிட்டது என்பர். பாரதியாரின் குருவி கூடுகட்டுகின்றது, முட்டையிடுகின்றது, இரை தேடுகின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அவருக்குப் பின்வந்தோரே சிறகை மட்டும் எடுத்துக்கொண்டனர். உரைநடையில் மா. கிருஷ்ணன் (1912-1996) ஒரு விலக்கு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய அவர் தாமே வரைந்து தாமே எழுதியவர். அவரது தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என நூலுருப் பெற்றமை 2002 இலேதான்.

ஈழத்தில் நிலைமை வேறு காரணத்தாற் சிக்கலாயிற்று. 1983 க்குப் பின் எழுந்த கவிதைகளில் வலசைப் பறவை அடிக்கடி வருகின்றது. இடம்பெயர்ந்தவனுக்கும் அகதிக்கும் அது உவமையாகின்றது. துயரின் உண்மையை ஐயுறுவதற்கில்லை. உவமையின் பொருத்தத்தை ஐயுறலாம். வலசைப் பறவை எவராலும் துரத்தப்பட்டுச் செல்வதன்று. செல்லும் மாதமும் மீளும் மாதமும் அதற்குத் தெரியும். இரண்டு நிலமும் அதற்கு உரியவை. மீளும் நாள் தெரியாமையே அகதியின் துயரம். ஆகவே உவமை எங்கே ஒத்திருக்க வேண்டுமோ அங்கேதான் பிறழ்கின்றது. பறவையை ஒருமுறையேனும் தை தொடக்கம் சித்திரை வரை நோக்கியிருந்த கவிஞன் இவ்வுவமையைக் கையாளுமுன் தயங்கியிருப்பான்; ஒருவேளை அந்த முரணையே கவிதையாக்கியிருப்பான். மீளும் பறவையை மீளாதவன் பார்த்துக்கொண்டிருத்தல் சத்திமுத்தப் புலவரின் நிலைக்கு அண்மையது. வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாதல் என்னும் தொல்காப்பியரின் கருத்தும் இக்கவிஞர்க்குப் பயன்பட்டிருக்கக் கூடியதே. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இரண்டு தலைமுறையாக வாழ்வோரைப் பற்றி எழுதுபவனுக்கு அதனைவிட நெருக்கமான இலக்கண விதி கிடைப்பது அரிது.

நோக்குவதற்கு வசதி இல்லை எனக் கூற முடியாது. இலங்கைப் பறவைக் கழகம் 1943 இல் தோன்றியது. களப் பறவையியற் குழு 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே தொடங்கப்பட்டது. 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடு இயங்குகின்றது. அங்கே ஐங்குறுநூற்றைப் படித்துவிட்டு எழுபவர் கால்வாய்க் கரைவரை நடந்தால் கம்புள் எனப் பழையோர் கூறிய கானாங்கோழியை அன்றே காணலாம். தொலைநோக்கியும் வேண்டியதில்லை.

வசதி நிலைக்குமா என்பது வேறு. முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996 இல் சரணாலயமாக்கப்பட்டது. ஈரநில நகரம் என்னும் ராம்சார் அங்கீகாரம் 2018 இல் உலகில் முதன்முதல் 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டபோது கொழும்பும் அவற்றுள் ஒன்றாயிற்று. அங்கீகாரத்துக்குப் பின்னரும் சதுப்பிலே மண் கொட்டி நிரப்புதல் ஓய்ந்தபாடில்லை. திணைமயக்கத்துக்கு இரண்டு நிலங்கள் வேண்டும். கழியை அடுத்து வயல் இல்லாவிடின் ஆலா சென்று சேரும் நிலம் எது?

தெகிவளைக்குக் கிழக்கே பெல்லன்வில - அத்திடிய என்னும் இடம் உள்ளது. நெல் விளைந்து பின் கைவிடப்பட்ட தாழ்நிலம். புல்லும் நீர்த்தாவரமும் மூடிக் கிடப்பது. 1990 இல் 372 ஹெக்டயர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உழவு இல்லை. ஆதலின் மருதம் எனல் இயலாது. கடலும் இல்லை. முல்லையாதற்கு மேய்ச்சற் காடும் பாலையாதற்கு வறட்சியும் இல்லை. குளிர்காலந்தோறும் வடபுலத்து உள்ளான் அங்கும் இறங்குகின்றது. வந்த நிலத்துக்கே திணைப்பெயர் இல்லாதவிடத்து அப்பறவை எந்நிலத்தின் பொருளாகக் கொள்ளப்படும் என்பதற்கு உரையாசிரியர் எவரும் விடை எழுதவில்லை.